அதுக்குக் கயிறு யாரு பிடிக்கா?

ஊருக்கு மேற்கே, விமானங்கள் ஓடி எழும்பிய சிமெண்டுத் தரையில் இப்போது மிளகாய் வற்றல் காய்கிறது. போன வாரம் எட்டயபுரம் போய்த் திரும்பும்போது பஸ் அந்த வழியாக வந்தது. பக்கத்தில் இருந்தவர், "வெள்ளைக்காரன் போனாலும் நமக்கு நல்ல களம் போட்டுக் குடுத்துட்டுப் போயிருக்கான்" என்றார். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். ஆனால் சிவப்பாக அங்கே எது பரந்து கிடந்தாலும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறேன்.

நான் கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. எங்கள் துறைமுகத்தில் ஆழம் குறைவு. கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள்தாம் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். போன தோணி வந்ததா, வந்த சரக்கு நனைந்ததா என்று பார்த்துக்கொண்டே இருப்பது என் வேலை. "கண்ணுக்கு எட்டாத எடத்துல இருக்கிறதுக்குக் கவலைப்படுததுக்கே சம்பளம் வாங்குத ஆளு எங்கப்பா" என்று என் மகள் கேலி செய்வாள். என் மனைவி சீக்கிரமே போய்விட்டாள். மகளுக்கு அப்போது பாவாடை வயது, மகன் அவளைவிடச் சிறியவன். தம்பிக்குச் சோறு ஊட்டியதும், காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்ததும், பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதும் அவள்தான். பிறகு அவளை என் அக்காள் மகனுக்கே கட்டிக் கொடுத்தேன். அவன் சங்கு குளிக்கிறவன். கடலுக்கு அடியில் போய்ப் பிழைக்கிற குடும்பம்.

அந்த மருமகன் சிறுவனாக இருந்தபோதுதான் எங்கள் ஊருக்கு முதன்முதலாக ஒரு விமானம் வந்தது. காய்ந்து கிடந்த உப்பளத்துக்குப் பக்கத்தில் கெட்டித் தரையாகப் பார்த்து இறங்கியது. மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கை. துணியும் மரமும் கம்பியுமாக, கிட்டப் போய்ப் பார்த்தால் தையல் போட்ட இடமெல்லாம் தெரிந்தது. ஏரலிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆத்தூர் வெற்றிலைக்காரர்கள் கூடையை இறக்கி வியாபாரமே தொடங்கிவிட்டார்கள். என் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். விமானம் திரும்ப எழும்பிப் போனபோது ஊரே வாயைத் திறந்து பார்த்தது. அக்காள் மகன் மட்டும் என் வேட்டியைப் பிடித்து இழுத்தான்.

"மாமா, அதுக்குக் கயிறு யாரு பிடிக்கா?"

"கயிறா? அதுக்குக் கயிறு கிடையாதுலே."

"அப்ப திரும்பி வர முடியாமப் போச்சுன்னா?"

"அதெல்லாம் வந்துரும்."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கொஞ்சம் குறைந்தது. கயிறு இல்லாமல் ஒருவன் போவான் என்பதையே அவன் வீட்டில் யாரும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் முத்தானாலும் சங்கானாலும் குளிப்பவன் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். அதன் மறுமுனையை வள்ளத்தில் இருந்து பிடிப்பவன் அவன் மச்சானாக இருக்க வேண்டும், அதாவது மனைவியின் கூடப்பிறந்தவனாக. அக்காளோ தங்கையோ தாலி அறுக்கக் கூடாது என்று நினைப்பவன் கயிற்றை விடமாட்டான் என்பது கணக்கு. அப்பனைக்கூட நம்பமாட்டார்கள், மச்சானை நம்புவார்கள்.

முறைப்படி என் மருமகனுக்குக் கயிறு பிடிக்க வேண்டியவன் என் மகன். ஆனால் அவன் படித்தான்; கடல் தண்ணீர் பட்டாலே சட்டையை உதறுகிறவன். ஆகவே என் தம்பி மகன், அவனும் என் மகளுக்குத் தம்பி முறைதானே, கயிறு பிடித்தான். நல்ல கைக்காரன். பல வருடம் ஒரு குறையும் வரவில்லை.

யுத்தம் எங்கள் பக்கம் திரும்பியபோது, கொழும்பில் குண்டு விழுந்தது என்று கேட்டு ஊரில் பாதிப் பேர் மூட்டை கட்டினார்கள். பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரும்பி வந்தார்கள். அதற்குப் பின்தான் மேற்கே தளம் போட ஆரம்பித்தார்கள். பனங்காடு ஒன்று முழுதாகப் போயிற்று. மரம் ஏறிப் பதநீர் இறக்கிய ஒருவர் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவன் வானத்துல ஏறணும்ணு நம்ம ஏணியை வெட்டுதான்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் அதே இடத்தில் கல் சுமக்க வந்துவிட்டார். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஜல்லி உடைத்தார்கள். அந்தச் சத்தம் ஊருக்குள்ளே என் ஆபீஸ் வரைக்கும் கேட்பதுபோல எனக்கு ஒரு பிரமை.

தளத்துக்கு வேண்டிய பெட்ரோல் பீப்பாய்கள் கப்பலில் வந்து தோணியில் கரை சேர்ந்தன. தோணிக்காரர்களுக்கும் தளத்துத் துரைமாருக்கும் நடுவில் பேச ஆள் வேண்டுமென்று எங்கள் ஆபீசில் கேட்டார்கள். என்னை அனுப்பினார்கள். சில மாதங்களில் என் மகனும் அங்கேயே விமானம் பழுதுபார்க்கிற பிட்டர்களுக்கு உதவியாளாகச் சேர்ந்துவிட்டான். நான் கேட்டுக்கொண்டதால் அல்ல. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

அவனுக்கு அந்த இயந்திரங்கள்மேல் அப்படி ஒரு பிரியம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் சத்தம் கேட்டால் சோற்றில் கை நிற்கும். "அப்பா, இடது பக்கத்து எஞ்சின் லேசா இருமுது, கேக்குதா?" என்பான். எனக்கு ஒன்றும் கேட்காது. நீர்மூழ்கிக் கப்பல் தேடிக் கடல்மேல் போகிற விமானங்கள் அவை. போனது திரும்பிற்றா என்று நான் காதை வைத்துக்கொண்டே இருப்பேன். என் மகன் அதில் பறப்பவன் இல்லை, தரையில் நிற்பவன்தான். ஆனாலும் ஒன்று திரும்பத் தாமதமானால் சோற்றை விட்டு எழுந்து வாசலில் போய் நிற்பேன். மருமகன் தினமும் கடலுக்கு அடியில் போய் வந்தான். அதற்கு நான் ஒரு நாளும் இப்படித் தவித்ததில்லை. பழகிப் போயிருந்தது.

ஒரு நாள் மதியத்துக்கு மேல், கடலிலிருந்து திரும்பிய விமானம் ஒன்று எஞ்சின் நின்று, கரைக்கு வந்து சேராமல் தண்ணீரில் இறங்கியது. பக்கத்தில் சங்கு வள்ளங்கள் நின்றதால் நான்கு பேரில் மூவரைத் தூக்கிவிட்டார்கள். ஒருவர் உள்ளேயே போய்விட்டார். விமானம் மூழ்கிய இடம் ஒரு பார். முத்துச் சிப்பி விளைகிற கல்தரையை அப்படிச் சொல்வோம். எட்டுப் பாகம், அதாவது எட்டு ஆள் ஆழம், குளிப்பவர்களுக்குக் கூடம் போலப் பழகிய இடம்.

தளத்துத் துரைக்கு அதை மேலே கொண்டுவர வேண்டியிருந்தது. உள்ளே இருப்பவருக்காகவும், எஞ்சினுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்காகவும். ஒருவன் இறங்கி இரும்பு வடத்தை அதன் உடம்பில் சுற்றிக் கொடுத்தால் போதும், பாரந்தூக்கி வைத்த பெரிய தோணி மற்றதைப் பார்த்துக்கொள்ளும். வெளியூரிலிருந்து உடுப்பு மாட்டிய முக்குளிப்பாளர் வரும்வரை காத்திருக்க முடியாது. தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று எழும்புகிற பருவம் நெருங்கிவிட்டது. எழும்பினால் அந்தப் பாரில் விமானம் அப்பளமாகிவிடும். அதனால் என்னைக் கூட்டிக்கொண்டு துரை கடற்கரைக்கு வந்தார். யாரைக் கேட்டாலும் கைகாட்டியது என் மருமகனைத்தான்.

அவன் சரி என்றான். ஆனால் கயிறு பிடிக்கிற என் தம்பி மகன் தோணியில் கொழும்புக்குப் போயிருந்தான். துரையிடம் சொன்னேன். அவர் தம் மோட்டார் படகில் கயிறு சுற்றுகிற இயந்திரம் இருக்கிறது, அதில் கட்டலாம் என்றார். நான் தமிழில் சொன்னேன்.

மருமகன் தலையைச் சொறிந்தான். "மெசினுக்கு அக்கா தங்கச்சி உண்டாண்ணு கேளுங்க மாமா."

கரையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் துரை என் முகத்தைப் பார்த்தார். எதை எப்படி மொழிபெயர்ப்பது? இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

வள்ளத்தின் சொந்தக்காரர் வயதானவர். எத்தனையோ பேருக்குக் கயிறு பிடித்தவர். "ஏலே, ஒரு நாளைக்கு நான் பிடிக்கேன். என்ன இப்ப?" என்றார்.

"நீரு நல்லாப் பிடிப்பீரு அண்ணாச்சி, அது தெரியாதா? ஆனா என் பொண்டாட்டி உமக்கு என்ன வேணும்?"

பெரியவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். மருமகன் திரும்பி, எண்ணெய்க் கறை படிந்த காக்கி நிக்கரோடு என் பின்னால் நின்ற என் மகனைப் பார்த்தான். "அதான் மச்சான் இருக்கான்லா. கண்ணுக்கு முன்னால நிக்கான்."

"அவன் கயிறு பிடிச்சதே இல்லையே" என்றேன் நான்.

"கெணத்துல வாளிக் கயிறு பிடிச்சிருக்கான்லா மாமா?"

மறுபடியும் சிரிப்பு. என் மகன் மட்டும் சிரிக்கவில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த விமானம் கடைசியாகப் பழுதுபார்க்கிற கொட்டகைக்கு வந்தபோது அதில் கை வைத்தவர்களில் அவனும் ஒருவன். யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. யாரும் சொல்லாததுதான் அவனை வாட்டியது. "நான் பிடிக்கேன்" என்று உடனே சொல்லிவிட்டான்.

அன்று மாலை மகள் வீட்டில் பெரிய சண்டை. குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கத்தியோடு வெளியே வந்தாள்.

"உமக்குக் கயிறு பிடிக்கத் தெரிஞ்ச ஆள் வேணுமா, தாலிக்குப் பயப்படுத ஆள் வேணுமா?"

"பயப்படுதவன் விடமாட்டாம்லா, ஏளா" என்றான் மருமகன்.

"விடமாட்டான், சரி. ஆனா பொறுக்கவும் மாட்டான். சோறு வெந்துச்சான்னு மூணு மட்டம் மூடியைத் தொறந்து பாக்குதவன் இவன். இவனை வளத்தவ நான், எனக்குத் தெரியாதா?"

"அக்கா, நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றான் மகன்.

"சின்னப் பிள்ளையா இருந்தா அடிச்சு உக்கார வச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மருமகன் லேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். வழக்கம் அவன் பக்கம் இருந்தது.

மறுநாள் காலை கடல் எண்ணெய் போல அசையாமல் கிடந்தது. வள்ளத்தில் பெரியவர், என் மகன், மருமகன், நான். துரையின் படகு கொஞ்சம் தள்ளி நின்றது. எங்கள் ஆட்கள் மூச்சை அளப்பதற்குக் கடிகாரம் வைத்துக்கொள்வதில்லை. கீழே போனவன் கயிற்றைச் சுண்டினால் இழுக்க வேண்டும். சுண்டாவிட்டால், பிரியதத்த மந்திரத்தைக் குறிப்பிட்ட தடவை சொல்லி முடித்ததும் இழுக்க வேண்டும். மாதாவுக்குச் சொல்கிற அதே செபம்தான். என் தம்பி மகன் அதைக் கோயிலில் செபமாலை சொல்லும் பெண்கள் போல ராகம் இழுத்துச் சொல்வான். அந்த இழுப்புக்குத்தான் மருமகனின் மூச்சு பழகியிருந்தது. இது யாருக்கும் தோன்றவில்லை. செபம் எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்ல ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பார்களா?

முதல் முறை பார்த்து வருவதற்காகப் போனான். கீழே இழுத்துப் போகிற பாரக்கல்லில் காலை வைத்து இறங்கியவன் சீக்கிரமே சுண்டினான், மகன் இழுத்தான். மேலே வந்து, "வயிறு தரையில கெடக்கு. ஒரு ரெக்கை கிழிஞ்சு மேல நிக்கு. அதுக்கு அடியில நுழைஞ்சு வடத்தைப் போடணும்" என்றான். என் மகன், "உள்ள ஆள்?" என்று கேட்டான். மருமகன் தண்ணீரைத் துப்பிவிட்டு வடத்துக்குக் கை நீட்டினான்.

இரண்டாம் முறை வடத்தின் நுனியோடு போனான். கயிறு என் மகன் விரல்களுக்கு இடையில் ஓடிப் போய் நின்றது. அவன் உதடு அசைய ஆரம்பித்தது. இப்போதும் அந்த உதடுகளை என்னால் பார்க்க முடிகிறது. சத்தமில்லாமல், பரீட்சைக்குப் போகிறவன் மனப்பாடம் ஒப்பிப்பதுபோல, ஒரு வார்த்தைமேல் ஒரு வார்த்தை ஏறிக்கொண்டு ஓடின. என் வாயும் செபம் சொல்லிக்கொண்டிருந்தது. அதுவும் அதே வேகத்தில் ஓடியதால் அவன் வேகம் எனக்கு வேகமாகத் தெரியவில்லை.

திடீரென்று எழுந்து நின்று இழுத்தான். கயிறு வரவில்லை.

"அதுக்குள்ள ஏம்லே இழுக்க?" என்று பெரியவர் கத்தினார்.

"முடிஞ்சிட்டு! முடிஞ்சிட்டு! சுண்டவே இல்லை!"

"விடுலே, தளத்தி விடு!"

அவன் தளர்த்தவில்லை. தளர்த்தாமல் இருப்பதற்காகத்தானே அவனைத் தேடிப் பிடித்து உட்கார வைத்தோம். காலை வள்ளத்தின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, "அக்கா, அக்கா" என்று சொல்லிக்கொண்டே முழு உடம்பாலும் இழுத்தான். ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்ததுபோலக் கயிறு தொய்ந்தது. பிறகு மருமகன் மேலே வந்தான். அவனைச் சுற்றித் தண்ணீர் சிவந்து விரிந்தது.

இறக்கைக்கு அடியில் நுழைந்து வடத்தைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அவனைப் பின்னால் இழுத்திருக்கிறது. கிழிந்த தகடு வலது தோளிலிருந்து முழங்கை வரை பிளந்துவிட்டது. வள்ளத்தில் கிடத்தினோம். என் துண்டு, பெரியவர் துண்டு, எல்லாம் நனைந்தது. மகன் கயிற்றைக் கையில் சுற்றியபடியே நின்றான். மருமகன் கண்ணைத் திறந்து அவனைத் தேடினான்.

"ஏலே மச்சான், ரயிலு பிடிக்கவா ஓடுன? கேட்டுக்கிட்டிருந்த மாதாவுக்கே மூச்சு வாங்கியிருக்கும்லே."

அதற்குப் பிறகு மயங்கிவிட்டான்.

தளத்து ஆஸ்பத்திரிக் கொட்டகையில் தைத்தார்கள். மண்ணில் இருந்து மேலே போகிறவர்களுக்காகப் போட்ட கட்டிலில், மருமகன் கடலுக்கு அடியில் இருந்து வந்து படுத்திருந்தான். காய்ச்சல் பல நாள் விடவில்லை. நான் வெளியே பீப்பாய் ஒன்றின்மேல் உட்கார்ந்திருப்பேன். விமானங்கள் எழும்பும்போது கொட்டகை நடுங்கும். கடல் கடந்த ஏதோ ஊரில் என் வயதுள்ள ஒருவர், மகன் இன்னும் அந்த விமானத்துக்குள்ளேயே கிடக்கிறான் என்று தெரியாமலோ தெரிந்தோ உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். வேறு யாரும் இறங்குமுன் கச்சான் எழும்பியது. பாரில் கிடந்தது உடைந்து போயிற்று. அந்த நான்காவது ஆளை யாரும் பார்க்கவில்லை. எஞ்சின் ஏன் நின்றது என்று என் மகன் கேட்டுக்கொண்டே இருந்தான். தெரிந்தவர்கள் இருந்தார்களோ இல்லையோ, அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

மருமகன் பிழைத்தான். ஆனால் வலது கை தோளுக்கு மேலே எழவில்லை. அந்தக் கையோடு தானாக நீந்தி மேலே வர முடியாது. சங்குக் குளியல் முடிந்தது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சங்குக் கொட்டகையில் தரம் பிரிக்கிற வேலைக்கு உட்கார்ந்தான். மகள் யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. தம்பிக்குத் தன் கையால் சோறு போடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். அவன் வந்தால் தட்டையும் பானையையும் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். அவன் தானே போட்டுச் சாப்பிடுவான். இது வருடக்கணக்கில் நடந்தது. நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான்.

யுத்தம் முடிந்தது. விமானங்கள் ஒரே வாரத்தில் போய்விட்டன. கொட்டகைத் தகரங்களை வாங்கியவர்கள் வண்டியில் ஏற்றிப் போனார்கள். மகன் துறைமுகத்தில் மோட்டார் படகு பழுதுபார்க்கிற பட்டறைக்கு வந்து சேர்ந்தான். என் தம்பி மகன் கொழும்பிலேயே கடை வைத்துத் தங்கிவிட்டான்.

இந்த வருடம் சங்குப் பருவம் தொடங்குமுன் மருமகன் வந்து எதிரே உட்கார்ந்தான். "மாமா, இறங்கலாம்ணு இருக்கேன்."

"இந்தக் கையை வச்சுக்கிட்டா?"

"கரையில இருந்தா எனக்கு மூச்சு முட்டுது மாமா. மேல வாரதுக்குக் கை எதுக்கு? மச்சான் இழுப்பான்லா."

அவனை மேலே கொண்டுவர இனிமேல் கயிறு மட்டும்தான். அந்தக் கயிற்றை மறுபடியும் அதே கையில் கொடுக்கிறேன் என்கிறான். நான் மகளைப் பார்த்தேன். அவள் தடுப்பாள் என்று இருந்தேன். அவள் அம்மியில் மசாலை அரைத்துக்கொண்டே, "பிடிக்கட்டும். ஆனா நான் பழக்கித்தான் விடுவேன்" என்றாள்.

அதன்பின் தினமும் பட்டறையிலிருந்து வந்ததும் மகன் குசினி வாசலில் உட்கார வேண்டும். மருமகன் தண்ணீர் அண்டாவில் முகத்தை அமிழ்த்திக்கொள்வான். மகள் அம்மிக்கல்லை மெதுவாக முன்னும் பின்னும் இழுப்பாள். அந்த இழுப்புக்கு ஏற்ப மகன் செபம் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் மகன் செபத்தை முடித்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தால், மருமகன் அண்டாவிலிருந்து தலையைத் தூக்கி, "இன்னும் பாதி மூச்சு இருக்குலே. வித்துரவா?" என்பான்.

"மறுபடியும் சொல்லு" என்பாள் மகள். "ஆண்டவர் எங்கயும் ஓடிப் போகலை. மெதுவாச் சொல்லு."

பழக்கினாள், ஆனால் சோறு போடவில்லை.

நேற்று இறங்கினார்கள். நான் ஆபீசுக்குப் போகாமல் கரையில் நின்றேன். வள்ளங்கள் புள்ளிகளாகிவிட்டன. அங்கே எப்போது இறங்குகிறான், எப்போது ஏறுகிறான் என்று எதுவும் தெரியாது. நான் செபத்தைச் சொல்லி முடித்தேன். திரும்பத் தொடங்கினேன். முடித்தேன். வெயில் தலைக்கு ஏறியது. பக்கத்தில் வலை உலர்த்தியவர், "அண்ணாச்சி, நிழலுக்கு வாங்க" என்று கூப்பிட்டார். போகவில்லை.

வள்ளம் கரை தட்டியது. மருமகன் தன் காலால் இறங்கி, நனைந்த தலையோடு வந்தான். மகனின் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

"மெதுவாச் சொன்னேன் அப்பா" என்றான்.

"ரொம்ப மெதுவா, மாமா" என்றான் மருமகன். "நான் வேலையை முடிச்சிட்டுச் சுண்டுதேன், இவன் கண்ணை மூடிக்கிட்டு இன்னும் மாதாவோட சாவகாசமாப் பேசிக்கிட்டிருக்கான். வள்ளத்து அண்ணாச்சிதான் மண்டையில ஒண்ணு போட்டாரு."

வீட்டுக்கு வந்தபோது மகள் குசினியை விட்டு வெளியே வரவில்லை. "வந்துட்டாங்களா?" என்று உள்ளே இருந்து கேட்டாள்.

"வந்துட்டாங்க."

பிறகு பானையோடு வந்து உட்கார்ந்து, தம்பி தட்டில் தன் கையால் சோற்றை அள்ளி வைத்தாள். அவன் குனிந்துகொண்டான். தோல் உரிந்த கையால் பிசைய முடியாமல் திணறினான். அவளே குழம்பை ஊற்றிப் பிசைந்து கொடுத்தாள்.

நாளைக்கும் போகிறார்கள். பருவம் முடிய நாள் நிறையக் கிடக்கிறது. மகன் பழகிவிட்டான். எனக்குத்தான் வரவில்லை, நான் இன்னும் செபத்தை வேகமாகத்தான் சொல்கிறேன்.